அமானுஷ்ய டீன் தொடரின் எபிசோடை எதை வைத்து எடைபோடுவது?

நீங்கள் கேட்டது இதுதான். ரத்தக்காட்டேரியும் சூனியக்காரியும் ஓநாய் மனிதனும் வருகிற, பதின்ம வயதினருக்கான டீன் தொடர் ஒன்றை வாரம் ஒரு எபிசோடாகப் பார்த்து விமர்சனம் எழுதுகிறீர்கள். எழுதி முடித்துப் படித்தால் முக்கால்வாசி கதைச்சுருக்கமாகவே இருக்கிறது. போதாக்குறைக்கு, "பேய் வர்ற கதையில என்ன லாஜிக் இருக்குன்னு விமர்சனம் பண்றே?" என்று நண்பர் ஒருவர் மடக்குகிறார். இரண்டு தனித்தனிச் சிக்கல் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எதை வைத்து அளப்பது என்று பிடிபடாதபோது கை தானாகக் கதை சொல்லப் போய்விடும். நண்பருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டால் கதைச்சுருக்கம் தானே இளைத்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சில ஆண்டுகள் சப்டைட்டில் எழுதினேன். அதன்பின் 11 ஆண்டுகளாக டிவி தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். சப்டைட்டில் வேலையில் ஒரே காட்சியை முப்பது தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் எனக்கு மூலதனம். குறையையும் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொடர்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றனவோ அந்த வயதை நான் தாண்டி வெகுகாலம் ஆகிறது. ஒரு காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். பதினாறு வயதில் பார்க்கிறவருக்கு அது எங்கே தைக்கும் என்பதில் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

முதலில் லாஜிக். உலகத்தில் ரத்தக்காட்டேரி உண்டா இல்லையா என்பது விமர்சகனின் வேலை இல்லை. தொடர் தானே போட்டுக்கொண்ட சட்டத்தைத் தானே மதிக்கிறதா என்பதுதான் கேள்வி. 'தி வேம்பயர் டைரீஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் உள்ளே வரச் சொல்லாமல் ரத்தக்காட்டேரியால் வாசலைத் தாண்ட முடியாது என்பது அங்கே சட்டம். குறிப்பிட்ட ஒரு மோதிரத்தைப் போட்டிருக்கும் மனிதனை அமானுஷ்ய சக்தி எது கொன்றாலும் அவன் பிழைத்து எழுந்துவிடுவான் என்பது இன்னொரு சட்டம். 2010 மே மாதம் ஒளிபரப்பான முதல் சீசனின் கடைசி எபிசோடில், இரவில் கதாநாயகி எலினா தன் வீட்டு வாசலில் நிற்கிறாள். சித்தி ஜெனா கதவைத் திறந்து, நேரமாகிவிட்டது, உள்ளே வா என்கிறாள். எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. யாரும் அதைக் கவனிக்கவே மாட்டோம். சமையலறையில், அந்த மோதிரத்தைப் போட்ட உறவினர் ஜான் நிற்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விரல்கள் துண்டாகின்றன. மோதிரமும் விரலோடு போகிறது. அதற்குப் பிறகுதான் கத்தி உடம்பில் இறங்குகிறது. வந்தவள் எலினா இல்லை, அதே முகம் கொண்ட ரத்தக்காட்டேரி கேத்தரின் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

அந்த நிமிடத்தில் இரண்டு சட்டமும் ஒரே மூச்சில் வேலை செய்கின்றன. யாரும் வாயைத் திறந்து விதியை விளக்கவில்லை. சீசன் முழுக்க நமக்குப் பாடமாகிவிட்டதை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்கள். உங்கள் நண்பரிடம் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். பேய்க்கதையில்தான் லாஜிக் இன்னும் கறாராக இருந்தாக வேண்டும். சாதாரணக் குடும்பத் தொடரில் ஒரு விதி பிசகினால் உலக அனுபவத்தை வைத்து நாமே ஒட்டுப்போட்டுக்கொள்வோம். இங்கே ஒட்டுப்போட நம்மிடம் எதுவும் இல்லை. அதே தொடரில் செத்தவர்கள் திரும்பி வரும் வழிகள் சீசனுக்குச் சீசன் பெருகிக்கொண்டே போனபோது, சாவுக்காட்சிகள் எனக்கு எடை குறைந்துவிட்டன. அழுகிறவரைப் பார்த்து, "பொறும்மா, மூணு எபிசோடு கழிச்சு வந்துடுவான்" என்று வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன். சட்டம் தளர்ந்தது என்பது பார்த்தாலே தெரியும். சாவின் எடை குறைந்தது என்பது என் கருத்து. இரண்டையும் விமர்சனத்தில் பிரித்து எழுத வேண்டும்.

சட்டம் சரியாக இருந்தால் மட்டும் எபிசோடு நல்ல எபிசோடு ஆகிவிடாது. அது இலக்கணப் பிழையில்லாத கட்டுரை மாதிரி. அடுத்து நான் கேட்பது ஒரே கேள்வி: பேயை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எதுவும் மிஞ்சவில்லை என்றால் எபிசோடு வெறும் கண்கட்டு வித்தை. எல்லாமே அப்படியே மிஞ்சுகிறது என்றால் பேய் வெறும் அலங்காரம். நல்ல எபிசோடில் பேயை எடுத்தபிறகும் நமக்குத் தெரிந்த ஒரு வலி மிஞ்சும். ஆனால் பேய் இல்லாமல் அந்த வலியை அவ்வளவு கூர்மையாகச் சொல்லியிருக்க முடியாது.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்', ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளி மாணவி பஃபியின் கதை. 1997 முதல் 2003 வரை ஏழு சீசன், 144 எபிசோடு. கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்கிற கற்பனை ஊர். அங்கே பள்ளிக்கூடத்துக்கு அடியிலேயே நரகத்தின் வாய். பள்ளிக்கூடம் நரகம் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வதை அந்தத் தொடர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. 1998 ஜனவரியில் வந்த 'இன்னசன்ஸ்' எபிசோடில், பஃபி, ஆன்மா உள்ள ரத்தக்காட்டேரியான தன் காதலன் ஏஞ்சலோடு முதல் இரவைக் கழித்த மறுநாள் அவனைத் தேடிப் போகிறாள். சாபத்தின்படி அந்த ஒரு கணச் சந்தோஷத்தில் அவனுடைய ஆன்மா பறிபோயிருக்கிறது. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் கத்தவில்லை, கோரைப்பல்லைக் காட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, நடந்ததை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பேசிவிட்டு, பிறகு ஃபோன் பண்ணுகிறேன் என்கிற தோரணையில் கிளம்புகிறான். ஆன்மா, சாபம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நேற்று வரை ஒருவனாக இருந்தவன் இன்று வேறொருவனாக நிற்பது மிஞ்சும். தான் என்ன தப்பு செய்தோம் என்று தேடுகிற ஒரு பெண்ணின் முகம் மிஞ்சும். ஆனால் சாபம் இருப்பதால்தான், அவன் வேறொருவன் ஆகிவிட்டான் என்பது ஒப்புமையாக நிற்காமல் நடந்த உண்மையாகவே ஆகிவிடுகிறது.

கதைச்சுருக்கம் எழுதுவதால் எதை இழக்கிறோம் என்பதற்கு அதே தொடரின் 'ஹஷ்' நல்ல உதாரணம். 1999 டிசம்பர் 14 அன்று ஒளிபரப்பானது. ஊரில் எல்லாருக்கும் குரல் போய்விடுகிறது. கோட்டு சூட்டு போட்ட, சிரித்த முகத்தோடு தரையைத் தொடாமல் மிதக்கும் சில உருவங்கள் வீடு வீடாகப் போய் இதயங்களை அறுத்தெடுக்கின்றன. சுமார் 27 நிமிடம் வசனமே கிடையாது. பயிற்சிக்காக அதற்கு சப்டைட்டில் எழுத உட்கார்ந்த நாள் நினைவிருக்கிறது. முதல் பகுதி முடிந்ததும் வேலையே இல்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான்: குரல் போனது, அரக்கர்கள் வந்தார்கள், கடைசியில் பஃபியின் அலறலில் அவர்கள் அழிந்தார்கள். ஆனால் குரல் போவதற்கு முன்னால் வரும் பதினைந்து நிமிடத்தில் யாரும் யாரிடமும் மனதில் இருப்பதைச் சொல்வதில்லை. பஃபியும் அவளுக்குப் பிடித்துப்போன ரைலியும் வாய் ஓயாமல் பேசி ஒருவரிடம் ஒருவர் மறைக்கிறார்கள். குரல் போனபிறகுதான் முதல் முத்தம். எல்லாம் முடிந்து குரல் திரும்பி வந்ததும், பேச வேண்டும் என்று எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. அங்கேயே எபிசோடு முடிகிறது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். பஃபியின் தோழி வில்லோவும் புதிதாக அறிமுகமான டாராவும், மந்திரம் பழகும் இருவரும், துரத்தப்பட்டு ஓர் அறைக்குள் ஒளிகிறார்கள். கதவை அடைக்க, குளிர்பானம் விற்கும் பெரிய இயந்திரத்தை மந்திரத்தால் நகர்த்தப் பார்க்கிறாள் வில்லோ. கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான். டாரா அவள் கையைப் பிடிக்கிறாள். விரல்கள் கோத்துக்கொள்கின்றன, இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள், இயந்திரம் பறந்துபோய்க் கதவில் மோதுகிறது. அடுத்த சீசன்கள் வரை நீளப்போகும் ஒரு காதலின் தொடக்கம் அது. வசனமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. 'டாரா உதவியுடன் வில்லோ கதவை அடைக்கிறாள்' என்று எழுதிவிட்டுப் போனால், எபிசோடில் நடந்ததையெல்லாம் எழுதிவிட்டு எபிசோடைத் தவறவிட்டவர் ஆவீர்கள்.

என் அளவுகோல் உடைந்துபோன இடத்தையும் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரியில் வந்த 'தி பாடி' எபிசோடில் பஃபியின் அம்மா ஜாய்ஸ் சாகிறாள். கொன்றது பேய் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்த சாதாரணச் சாவு. டைட்டில் பாட்டைத் தவிர எபிசோடில் பின்னணி இசையே கிடையாது. பஃபி வீட்டுக்குள் வருகிறாள், சோபாவில் அம்மா. ஃபோனைக் கையில் எடுத்தால் எண்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெளியே எங்கோ பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. தரையில் தான் எடுத்த வாந்தியின் மேல் ஒரு காகிதத் துண்டைப் போடுகிறாள். ஈரம் ஊறிப் பரவுகிறது. காமிரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தங்கை டானிடம் செய்தியைச் சொல்ல பஃபி பள்ளிக்குப் போகும்போது, டான் ஓவிய வகுப்பில் இருக்கிறாள். உருவத்தை வரையாதே, உருவத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை வரை என்பது அன்றைய பாடம். பஃபி அவளை வெளியே அழைத்துப் போகிறாள். காமிரா வகுப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டான் சரிந்து விழுவது தெரிகிறது; என்ன சொல்லப்பட்டது என்று கேட்கவில்லை.

இங்கே பேயை எடுத்துவிட்டுப் பார்க்க, எடுப்பதற்குப் பேயே இல்லையே. பிணவறையில் ஒரு ரத்தக்காட்டேரி எழுந்து வருகிறது, உண்மைதான். இசையில்லாமல் நடக்கும் அந்தச் சண்டை ஏதோ வேலை மிச்சம் இருந்தது போல இருக்கிறது. அந்தக் காட்சி தேவையா இல்லையா என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு முடிவில்லை. தொடரின் உலகம் துக்கத்துக்காகக்கூட நிற்காது என்று காட்டுகிறது என ஒரு நாள் தோன்றும். ஒரு காட்டேரியாவது வர வேண்டும் என்ற வழக்கத்துக்காக வைத்தார்கள் என இன்னொரு நாள் தோன்றும். ஆனால் ஒன்று நிச்சயம்: நாலரை சீசனாக இந்தப் பெண் எதையும் குத்திச் சாய்த்துவிடுவாள் என்று பழகியிருந்ததால்தான், குத்துவதற்கு எதுவும் இல்லாத இந்த எபிசோடு அப்படி அடிக்கிறது. அளவுகோல் உடையும்போது அளவுகோலைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் உடைந்தது என்று எழுதுங்கள். அந்த வாரத்து விமர்சனம் அதுதான்.

நீங்கள் பார்ப்பது எந்த முறையில் எடுக்கப்பட்ட தொடர் என்பதும் முக்கியம். அமெரிக்க ஒளிபரப்பு டிவிக்கு எடுத்த தொடர்களில் சீசனுக்கு ஏறக்குறைய 22 எபிசோடு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. மிச்ச நேரம் விளம்பரம். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னாலும் நம்மைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி போட்டாக வேண்டும். இன்று ஸ்ட்ரீமிங் தளங்களில் இடைவேளை இல்லாமல் பார்க்கும்போது, எட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ திடுக்கிட்டுத் திரும்புவது அசட்டுத்தனமாகத் தெரியும். அது அந்த வடிவத்தின் தழும்பு. அன்று நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் பார்வையாளர் எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள் என்பதால் பெரிய திருப்பங்கள் அங்கேதான் குவிந்தன. இடையில் வரும் எபிசோடுகளில் கொஞ்சம் இழுத்தடிப்பார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' போல சீசனுக்கு எட்டோ ஒன்பதோ எபிசோடு எடுத்து மொத்தமாகவோ இரண்டு மூன்று தொகுதிகளாகவோ வெளியிடும் தொடரை இந்தத் தராசில் வைக்கக் கூடாது. அங்கே ஒரு எபிசோடு இழுத்தால் மன்னிக்க இந்தக் காரணங்கள் கிடையாது.

ஒளிபரப்பான வரிசையும் குழப்பும். 1999 ஏப்ரலில் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்ததால், பள்ளியில் கொலை நடக்கப்போவதாகச் சந்தேகம் எழும் 'இயர்ஷாட்' என்ற பஃபி எபிசோடைத் தள்ளிவைத்தார்கள். அது வெளிவந்தது அந்த ஆண்டு செப்டம்பரில், பட்டமளிப்பு விழாவோடு சீசனே முடிந்த பிறகு. இன்று வரிசையாகப் பார்க்கிறவருக்கு அது சீசனின் பிற்பகுதியில் வரும் ஒரு எபிசோடு. அன்று பார்த்தவர்களுக்கு, முடிந்துபோன பள்ளி வாழ்க்கையிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த கடிதம். அதனால் விமர்சனத்தின் தொடக்கத்திலேயே, இதை முதல் தடவை பார்க்கிறேனா, முழுத் தொடரும் தெரிந்து பார்க்கிறேனா என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள். இதில் நானே சூடுபட்டவன். ஒருமுறை ஒரு தொடரின் நடு எபிசோடை, ஒன்றுமே நடக்கவில்லை என்று மூன்று பத்தி திட்டி எழுதினேன். சீசன் முடிவில் பார்த்தால், நான் வெட்டிப்பேச்சு என்று தள்ளிய சமையலறை உரையாடல்தான் எல்லா முடிச்சையும் அவிழ்த்தது. அந்த எபிசோடு தனியாகப் பார்த்தால் மந்தம்தான் என்று இப்போதும் சொல்வேன். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று அடித்துச் சொன்னதுதான் தப்பு.

யாரைப் பாராட்டுவது, யாரைக் குறை சொல்வது என்பதிலும் கை கொஞ்சம் நடுங்கட்டும். திரையில் எழுதியவர் என்று ஒரு பெயர் வரும். ஆனால் இந்தத் தொடர்களைப் பலர் கூடி உட்கார்ந்து பேசித்தான் உருவாக்குகிறார்கள். தொடருக்கே தலைமைப் பொறுப்பாளரான ஷோரன்னர் கடைசியில் திருத்துவதும் சகஜம். எந்த வரி யாருடையது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே 'எழுத்தாளருக்குப் பெண்களைப் புரியவில்லை' என்பதற்குப் பதில், 'இந்தக் காட்சி அவளுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை' என்று எழுதினால் நிரூபிக்கலாம். நடிகரின் தோற்றத்தை விட்டுவிடுங்கள். டீன் வேடத்தில் பெரியவர்கள் நடிப்பது இந்த வகைக்கே வழக்கம். பஃபி தொடங்கியபோது சாரா மிஷெல் கெல்லருக்கு 19 வயது, பாத்திரத்துக்கு 16. 'பார்த்தால் பள்ளி மாணவி மாதிரியா இருக்கு' என்ற நகைச்சுவை ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

இனி நடைமுறை. எபிசோடை இரண்டு தடவை பாருங்கள், முதல் தடவை பேனா இல்லாமல். அது முடிந்தவுடன், எந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறது என்று ஒரே வரி எழுதிவைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை அந்தக் காட்சி ஏன் நின்றது என்று தேடுங்கள். விமர்சனத்தை அந்தக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். கதைக்கு மொத்தமாக மூன்று வாக்கியம். அதற்கு மேல் தேவைப்பட்டால், படிக்கிறவர் எபிசோடைப் பார்த்தவர் என்பதை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். மேலே சொன்ன கேத்தரின் காட்சியையே எடுத்துக்கொள்வோம். 'எலினா போல வேடமிட்ட கேத்தரின் வீட்டுக்குள் வந்து ஜானைக் குத்துகிறாள், இது பெரிய அதிர்ச்சி' என்பது சுருக்கம். 'உள்ளே வா என்ற அன்பான சொல்தான் அந்த இரவின் கொலைக்கருவி. அதைச் சொன்னவருக்கே அது தெரியாது' என்று எழுதினால் அது விமர்சனம். இரண்டிலும் சொற்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான்.

காதல் முக்கோணம் இல்லாத டீன் தொடரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யார் யாரோடு சேர வேண்டும் என்பதில் உங்களுக்கு ஒரு கட்சி இருக்கும், எனக்கும் உண்டு. வேம்பயர் டைரீஸில் எலினாவைக் காதலிக்கும் சகோதரர்கள் ஸ்டெஃபன், டேமன் இருவரில் நான் ஸ்டெஃபன் பக்கம், அதனால் டேமன் சம்பந்தப்பட்ட காட்சிகளைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். மறைத்தால் வாசகர் மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிடுகிறார்.

கடைசியாக, விமர்சனத்தை எழுதி முடிக்கும்வரை அடுத்த எபிசோடைத் தொடாதீர்கள். இந்தத் தொடர்கள் பெரும்பாலும் யாரோ கதவைத் தட்டுவதோடு முடியும். திரையின் மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து பார்த்துவிட்டால், திறப்பதற்கு முன்னால் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை உங்களால் நேர்மையாக நினைவுகூர முடியாது. ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு எழுத உட்காருங்கள்.